பூட்ஸ் போட்ட பத்தொன்பது பேர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தப் படம் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததற்கு ஒன்பது காரணங்கள் வைத்திருந்தேன். தியேட்டர் வாசலில் தொடங்கி எங்கள் தெரு முனைவரை ஒவ்வொன்றாக அப்பாவுக்கு எடுத்துச் சொன்னேன். ஒன்பதாவதும் முடிந்தபோது அவர் பீடியை மதகுச் சுவரில் தேய்த்து அணைத்துவிட்டு, "அப்ப, படம் உன்னைய இன்னும் விடலேங்குற" என்றார். இப்படிப்பட்ட ஆளோடு எப்படி வாதாடுவது?

எங்கள் பொய்கைக்குடியில் இருக்கும் ஒரே தியேட்டர் மீனலோசனி. பெரிய நடிகர்களின் புதுப்படம் அங்கே வந்து சேர மாதக்கணக்காகும் என்பதால், நடுவில் காலியாகக் கிடக்கும் வாரங்களில், குதிரையும் துப்பாக்கியும் புழுதியும் உள்ள வெளிநாட்டுப் படங்களைத் தமிழில் பேசவைத்து ஓட்டுவார்கள். இந்தப் படத்துக்கு 'விலங்கொடித்த வேங்கை' என்று பெயர் வைத்திருந்தார்கள். கதை இதுதான்: கடல்போல் விரிந்த ஒரு கரும்புத் தோட்டம், அதில் நானூறு அடிமைகள், அவர்களில் ஒருவரும் ஓடிப்போய்விடக் கூடாதென்பதற்காக ஒருவர் காலிலும் செருப்புகூட ஏறக் கூடாதென்பது தோட்டத்துச் சட்டம், அங்கே யோனா என்றொரு கொல்லன், தன் கையாலேயே தன் சனங்களுக்கு விலங்கு அடித்துக்கொடுத்தவன், தம்பியைத் தோட்டக்காரன் சவுக்கால் அடித்தே கொன்ற அன்றைக்கு ஓடிப்போய், ஏழு வருஷம் கழித்துத் துப்பாக்கியோடு திரும்பி வருகிறான். இடைவேளைவரை சவுக்கு, இடைவேளைக்குப் பிறகு துப்பாக்கி. நான் இடைவேளையோடு எழுந்து வெளியே வந்து, கடலை வண்டிப் பக்கம் உட்கார்ந்து, அப்பா முழுப் படமும் பார்த்துவிட்டு வருவதற்காகக் காத்திருந்தேன்.

நான் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் அடிபட்டவர்களைப் பற்றித்தான் ஆய்வேடு. மாட்டுக்கொட்டகையில் கட்டிவைத்து அடித்ததையும், சாணிப்பாலைக் கரைத்து வாயில் ஊற்றியதையும் நாள்கணக்கில் படித்துவிட்டு வருகிறவளுக்கு, சவுக்கு காற்றில் பாம்புபோல நெளிந்து நெளிந்து இறங்குவதை மெதுவாக, அழகாக, சங்கீதம் சேர்த்துக் காட்டினால் எப்படி இருக்கும்? அடிபடுகிறவனின் முதுகை நாலு நிமிஷம் காட்டுகிறார்கள், முகத்தை நாலு விநாடி காட்டவில்லை. அதைவிட, சுவரொட்டியைப் பாருங்கள்: நடுவில் யோனா மட்டும் துப்பாக்கியோடு நிற்கிறான், பின்னால் பொட்டுப் பொட்டாக நானூறு பேர். ஒருத்தன் சுடுவான், நானூறு பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், அதற்குப் பெயர் விடுதலையா?

"நின்னா மட்டும் போதுமாப்பா?" என்று கேட்டேன்.

"பாதிப் படத்துக்கு முழு வாய் பேசுற டினா" என்றார் அப்பா. வாலன்டினா என்று சங்கத்துத் தோழர் ஒருவர் வைத்த பெயரை, வைத்த நாளிலிருந்து அவர் முழுதாகச் சொன்னதில்லை.

இதைச் சொல்லும்போது நாங்கள் மேலவீதியில் நடந்துகொண்டிருந்தோம், அப்பா தன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பிள்ளையார் கோயிலிலிருந்து பால் சொசைட்டிவரை எண்பது அடி தூரம். அந்த எண்பது அடியை எங்கள் தெரு ஆட்கள் செருப்போடு கடக்கக் கூடாதென்பது ஒரு காலத்துக் கட்டளை. இப்போது யாரும் கேட்பதில்லை, பிள்ளைகள் பைக்கில் பறக்கிறார்கள், ஆனாலும் அப்பாவின் கை, அந்தப் பிள்ளையாரைக் கண்டதும், தானாகக் குனிந்து செருப்பை எடுத்துவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவதொரு சாக்கில் அவரோடு சண்டை போடுவேன்.

அவர் பெயர் வீரையன். ஊரில் சாவு விழுந்தால் குழி வெட்டுகிறவர். முறை என்று ஊர் சொல்லும், கூப்பிட்டால் போகவேண்டும், முடியாது என்ற சொல் அந்த முறையில் இல்லை. "ஒரே ஒரு தடவை முடியாதுன்னு சொல்லிப் பாருப்பா" என்று நான் பிளஸ் டூ படிக்கும்போதிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். "சொல்லலாம்" என்பார், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். பள்ளிக்கூடச் சான்றிதழிலும் கல்லூரி விண்ணப்பத்திலும் தகப்பன் தொழில் என்ற இடத்தில் நான் எழுதிய பொய்களை அடுக்கினால் ஒரு கடை வைக்கலாம். எனக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், அவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேட்னி முடிந்து, விளக்குகள் எரிந்து, சனங்கள் கொட்டாவி விட்டபடி எழுந்தபோது, திரைக்குக் கீழே, முன்வரிசைக்கும் மேடைக்கும் நடுவில், இடைவேளைக்குப் பிறகு படத்தில் செத்தவர்கள் எல்லோரும் கிடந்தார்கள்.

முறுக்குப் பொட்டலத்தோடு வந்தவர்கள் காலைத் தூக்கி வைத்துத் தாண்டிப் போனார்கள். தியேட்டர் கூட்டுகிற அஞ்சலை அக்கா, துடைப்பத்தை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, "கடலத்தோல அள்ளுறதுக்குத்தான் எனக்குச் சம்பளம், பொணம் அள்ளுறதுக்கு இல்ல" என்று கத்தினார். ஆபரேட்டர் செல்லையா மேலேயிருந்து இறங்கி வந்து, ஒரு தடவை எண்ணி, மறுபடி எண்ணி, "நாப்பத்தொண்ணு, எடவேளைக்கு அப்பறம் படத்துலயும் அதான், சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சி கிடையாதென்று பலகையை மாட்டினார். போலீஸ் வந்தது. ஊர் தெரியாத பிணத்துக்கு விதி இருக்கிறது, திரைக்குள்ளிருந்து வந்த பிணத்துக்கு விதி இல்லை என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனது.

வெளிச்சம் அவர்களைத் திரையிலிருந்து இறக்கிவிட்டபோது நிறத்தை உடன் அனுப்பவில்லை. முகமும் கையும் சட்டையும் கோட்டும் எல்லாம் ஒரே சாம்பலாக, மழையில் நனைந்து காய்ந்த செய்தித்தாளைப்போல இருந்தன. வெள்ளைக்காரன் யார், கறுப்பன் யார், தோட்டக்காரன் யார், தோட்டத்தில் உழைத்தவன் யார் என்று பிரிக்க முடியவில்லை. தூக்கினால் ஈரத்துண்டின் கனம்தான் இருந்தது. கிட்டே குனிந்தால் வெல்லப்பாகு காய்ச்சுகிற வாசனை வந்தது. ஒன்று மட்டும் கரையாமல் கெட்டியாக, கறுப்பாக, பளபளப்பாக இருந்தது, சிலர் கால்களில் கிடந்த பூட்ஸ். பத்தொன்பது பேர் பூட்ஸ் போட்டிருந்தார்கள், இருபத்திரண்டு பேர் வெறுங்காலோடு கிடந்தார்கள்.

ஏன் வந்தார்கள் என்று எங்கள் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. எந்தச் சுடுகாட்டில் வைப்பது என்றுதான் கேட்டார்கள்.

எங்கள் ஊரில் சுடுகாடு இரண்டு. ஊருக்கு உரியது மேட்டில் இருக்கிறது, தகரக் கொட்டகையும் அடிபம்பும் உண்டு. எங்கள் தெருவுக்கு உரியது வடிகால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஐப்பசியில் முழங்கால் தண்ணீர். இந்த நாற்பத்தொரு பேரில் எவர் எந்தப் பக்கம்? ஊர்த் தலைவர் ஆபத்சகாயம் தியேட்டர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவரோ மேலவீதி ஆட்களோ அந்தப் படத்துக்குப் போகவில்லை. முதல் நாளே எங்கள் தெரு சனம் தியேட்டரை நிறைத்துவிட்டதால், அது அடிமைப் படம், அவர்களுக்கு ஆனது என்று ஒதுங்கிவிட்டார்கள். அவர் வெகுநேரம் யோசித்து, உள்ளே போய்ப் பார்த்து, வெளியே வந்து சொன்னார்:

"இதுல என்னா கொழப்பம்? காலப் பாத்தா ஆளத் தெரியுது. பூட்ஸ் போட்டவன் தொரைங்க, சீமான் வீட்டு ஆளுங்க. அவங்க நம்ம மேட்டுக்கு. வெறுங்கால் எல்லாம் அந்தப் பக்கம். என்னடா வீரையா?"

"ஐயா சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்" என்றார் அப்பா.

என்னால் பொறுக்க முடியவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனேன். "செத்ததுக்கு அப்பறமும் காலப் பாத்துத்தான் எடம் குடுப்பீங்களா? வெறுங்காலோட செத்தவன் மனுஷன் இல்லியா? எல்லாரையும் மேட்டுல ஒரே எடத்துல வைங்க!" என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன், சட்டப்பிரிவெல்லாம் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் எங்கள் தெரு ஆட்கள் ஒருவர்கூட எனக்குப் பின்னால் வரவில்லை. செல்லையா வானத்தைப் பார்த்தார். அஞ்சலை அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். என் அம்மா காசாம்பு நெருக்கி வந்து, யாருக்கும் தெரியாமல், இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"படிச்ச புள்ள, பேசத்தான் செய்யும்" என்று ஆபத்சகாயம் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

மறுநாள் காலையில் பூட்ஸ் போட்ட பத்தொன்பது பேரும் ஊரோடு ஊராகப் புறப்பட்டார்கள். பத்தொன்பது பூப்பாடை கட்டினார்கள். முதலில் எரிக்கத்தான் பார்த்தார்கள், நெருப்பு அவர்களுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்ததே தவிர ஒரு நூல்கூடக் கருகவில்லை, அதனால் அடக்கம் என்று முடிவானது. அடக்கத்துக்கும் குடம் உடைக்க மகன் வேண்டுமே? பெரிய மனிதர்கள் அனாதையாகப் போகலாமா என்று மேலவீதியில் பத்தொன்பது பேர் முன்வந்தார்கள். ஆபத்சகாயம் முதல் ஆள். மீசையை எடுத்து, மொட்டை போட்டு, நீர்மாலை கொண்டுவந்து, வாய்க்கரிசி போட்டு, தோளில் குடம் வைத்து மூன்று சுற்று வந்து, திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாகப் போட்டு உடைத்தார்கள். அப்பாவும் மற்றவர்களும் வெட்டி வைத்திருந்த பத்தொன்பது குழிகளிலும் சந்தனமும் ரோஜாவும் விழுந்தன.

பிற்பகலில் எங்கள் பக்கம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் நின்றேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். கொஞ்சம் கவனித்தபின்தான் தெரிந்தது, முந்தானைக்குள் அம்மாவின் தோள்கள் அழுகையால் குலுங்கவில்லை.

"என்னம்மா இது?"

"அடி கூறுகெட்டவளே" என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பாதிப் படம் பாத்தா இப்புடித்தான். எடவேளைக்கு அப்பறம் என்னா நடக்குதுன்னு தெரியுமா ஒனக்கு? அந்த யோனா, சுட்ட ஒவ்வொருத்தன் கால்லேருந்தும் பூட்ஸக் கழட்டி, வெறுங்காலா நிக்கிற சனத்துக்கிட்ட வீசுவான். ஒரு வார்த்த பேச மாட்டான், வீசிக்கிட்டே போவான். கடசி சண்டையில நம்ம ஆளுங்க செத்தாங்க பாரு, பத்தொம்போது பேரு, அத்தனை பேரும் பூட்ஸோட செத்தாங்க. தோட்டக்காரனும் கங்காணியும் சவுக்குக்காரனுந்தான் வெறுங்காலு."

நான் குழிகளைப் பார்த்தேன். பிறகு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், சந்தனம் மணக்கும் மேட்டைப் பார்த்தேன். ஆபத்சகாயத்தின் மொட்டைத் தலை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

"நம்ம தெருவுல எல்லாருக்கும் தெரியுமா?"

"பால்குடிப் புள்ளையத் தவர. ஒன்னயும் தவர."

எனக்கு வந்த கோபம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அப்பாவிடம் போனது. "அப்ப இந்தக் கொலகாரனுங்கள நம்ம மண்ணுல வச்சிக்கிட்டு, இவங்களுக்கு ஒப்பாரி வேறயா?"

அப்பா மண்ணைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "அழுதா நமக்கு என்னா தேஞ்சா போவுது? அதுக்காக எந்திரிச்சு வந்து சவுக்க எடுக்கப் போறானா? நம்ம ஆளுங்க மேட்டுல தண்ணி நிக்காத எடத்துல படுத்திருக்காங்கல்ல, அது போதும். நீ மட்டும் வாயக் கட்டு டினா. ஒன்னய நெனச்சாத்தான் எனக்குப் பயம்."

நான் வாயைக் கட்டினேன். தை போய் மாசி வந்தது, மாசி போய்ப் பங்குனி வந்தது, வாயைக் கட்டியே இருந்தேன், என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியமென்று தெரியும்.

அந்த மாதங்களில் மேட்டுச் சுடுகாட்டில் யாரும் விதைக்காத கரும்பு முளைத்தது, ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒரு கழி, ஊதா நிறத்தில், காற்றில்லாத பகலிலும் மெல்ல அசைந்துகொண்டு. அதன் தோகையில் காது வைத்தால் வெகுதூரத்தில் நிறையப் பேர் நடப்பதுபோலக் கேட்கும். மேலவீதியில் வெல்லப்பாகு வாசனை எப்போதும் இருந்தது, காய்ச்சல் கண்ட பிள்ளைகளை அந்த மேட்டுக்குத் தூக்கிப்போய்க் கரும்பு நிழலில் படுக்கவைத்தால் தூங்கி எழுந்து விளையாடப் போனார்கள். பத்தொன்பது வீட்டிலும் பதினாறாம் நாள் கருமாதி செய்து, மாதம் தவறாமல் படையல் போட்டார்கள், பேர் தெரியாத பெரியவர்களுக்குப் பேர் வைத்து, அம்பலவாண அப்பா என்றும் சபேச அப்பா என்றும் கூப்பிட்டுக் குலத்தில் சேர்த்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும்விட, அந்த வீட்டுப் பெண்கள், உளுந்து புடைக்கும்போதும் ஈரத்தலையைக் கோதும்போதும், தங்களுக்கே தெரியாத ஒரு பாட்டை முனகத் தொடங்கினார்கள். சொல் புரியாது, மெட்டு மட்டும் தோள் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனியும். எங்கள் தெருப் பெண்கள் அந்தப் பக்கம் நடவுக்குப் போகும்போது அதைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அது இடைவேளைக்கு முன்னால் கரும்பு வெட்டுகிறவர்கள் பாடுகிற பாட்டு. அதை நானும் கேட்டிருந்தேன். சவுக்கைப் பார்த்துக் கோபப்பட்டதில், பாட்டை மறந்துபோயிருந்தேன்.

சித்திரையில் கெட்டது.

பல்கலைக்கழகத்துக்குப் போகிற காலைப் பேருந்தில், ஆபத்சகாயத்தின் மகன் சந்திரமௌலி எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். இன்ஜினியரிங் முடித்தவன். பக்கத்திலிருந்த நண்பனிடம், எனக்குக் கேட்கவேண்டுமென்றே சொன்னான்: "எங்க மேட்டுல இருக்கவங்க எல்லாம் பூட்ஸ் கால் சிங்கங்க மாப்ள. படுத்திருந்தாலும் கம்பீரம். வீரையன் வெட்டுன குழிதான், ஆனா அவன்லாம் எட்ட நின்னு கும்புடணும்."

"வீரையனா? வயசுக்கு ஒரு மரியாத இல்ல?" என்று கேட்டேன்.

"பின்ன? வெட்டியான வேற எப்புடிக் கூப்புடுறதாம்? அண்ணாத்தேன்னா?"

மூன்று மாதம் கட்டிவைத்த வாய் அவிழ்ந்துகொண்டது. "ஒங்கப்பா மொட்ட போட்டு, குடம் ஒடச்சு, அப்பான்னு கும்புடுறாரே அம்பலவாண அப்பா, அவரு கரும்புத் தோட்டத்து அடிமைடா! பத்தொம்போது பேரும் அடிமைங்க! பூட்ஸ் அவங்களுது இல்ல, செத்த மொதலாளி கால்லேருந்து கழட்டுனது! ஒங்க சிங்கமெல்லாம் வெறுங்காலோட எங்க தண்ணிக்குள்ள கெடக்குது!"

 கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி நின்றார். எனக்கு ஒரு நிமிஷம் தேன் குடித்ததுபோல் இருந்தது. அடுத்த நிமிஷம் அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது.

மாலைக்குள் மேலவீதியில் கூட்டம் கூடிவிட்டது. பிள்ளையார் கோயிலுக்கும் பால் சொசைட்டிக்கும் நடுவில், சரியாக அந்த எண்பது அடிக்குள், அப்பாவை நிறுத்தியிருந்தார்கள். கையில் செருப்பு, தோளில் மண்வெட்டி. எங்கள் தெரு மொத்தமும் பின்னால் நின்றது.

"தெரிஞ்சே செஞ்சிருக்கடா" என்றார் ஆபத்சகாயம். முகம் சிவந்திருந்தது. "போனது போவட்டும். நாளைக்கு விடியக்காலம் அத்தன குழியையும் தோண்டு. அவனுங்கள அங்க மாத்து, எங்க ஆளுங்கள இங்க மாத்து."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா, சத்தத்தக் காணும்?"

"வச்சவங்கள எடுக்கக் கூடாதுங்க."

"நான் சொல்றேன், எடு."

"முடியாதுங்க" என்றார் அப்பா.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு படி அரிசி கேட்கிற குரலில் சொன்னார். எத்தனை வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த சொல். 

"முடியாதா? நாளைக்கு ஒங்க தெருவுல ஒரு சாவு விழுந்தா, எவன் வயல் வரப்புல தூக்கிட்டுப் போவீங்க? அந்த வழி என்னுது, தெரியுமுல்ல? வெள்ளிக்கெழம வரைக்கும் டைம். அதுக்கு மேல வழியில முள்ளு வெட்டிப் போட்டுருவேன்."

"போடுங்க" என்றார் அப்பா. மண்வெட்டியை அங்கேயே, வீதி நடுவில், தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல மெல்லக் கிடத்திவிட்டு, திரும்பி நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் அழுதேன். "என் வாயாலதாம்ப்பா."

"ஆமா, ஒன் வாயாலதான்" என்றார், ஆறுதலெல்லாம் சொல்கிற ஆள் இல்லை. "ஆனா, கேட்டுக்கிட்டே இருந்தியே. சொல்லிட்டேன். நல்லாத்தான் இருக்குது, கொஞ்சம் ஏப்பம் வந்த மாதிரி."

வெள்ளிக்கிழமைவரை வேறு ஆட்களைத் தேடினார்கள். பக்கத்து ஊர் வெட்டியான்கள் எல்லோரும் படம் பார்த்திருந்தார்கள். எல்லோருக்கும் அன்றைக்குப் பார்த்து இடுப்புப் பிடித்திருந்தது. ஆகவே வெள்ளிக்கிழமை பகல் பத்து மணிக்கு, பொய்கைக்குடி சரித்திரத்தில் முதல் முறையாக, மேலவீதியிலிருந்து பத்தொன்பது பேர், பாதி வளர்ந்த தலைமுடியோடு, வேட்டியை மடித்துக் கட்டி, மண்வெட்டி பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு, மேட்டுச் சுடுகாட்டுக்குப் போனார்கள்.

நாங்கள் வாய்க்கால் கரையில் நின்றோம், எங்கள் தெருவில் நடக்கமுடிந்த எல்லோரும். யாரும் பேசவில்லை, கல் எடுக்கவில்லை, கத்தவுமில்லை. கையைக் கட்டாமல், வெறுமனே, நின்றோம். நின்றால் மட்டும் போதுமா என்று கேட்டவள் நான்தான், நானும் நின்றேன். அந்தப் பத்தொன்பது பேரும் நாலு வெட்டுக்கு ஒரு தடவை எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் உள்ளங்கை கொப்பளிப்பது இங்கிருந்தே தெரிந்தது. நிற்பது அவ்வளவு கனமான வேலை என்று எனக்கு அதற்குமுன் தெரியாது.

முதல் குழி அம்பலவாண அப்பாவுடையது. ஆபத்சகாயம் தோண்டினார். மார்பளவு இறங்கியதும் மண்வெட்டி எதிலோ பட்டு நின்றது. குனிந்து பார்த்தார். உள்ளே உடம்பு இல்லை. ஒரு ஜோடி பூட்ஸ் மட்டும், புழுதி படாமல், பக்கத்தில் பக்கத்தில், இப்போதுதான் யாரோ கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனதுபோல நின்றது. அதற்குள் தெளிந்த தண்ணீர், தண்ணீரில் திரையின் வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது.

"எடுங்க, எடுத்து அந்தப் பக்கம் வீசுங்க" என்று சந்திரமௌலி கத்தினான்.

அப்போது பக்கத்துக் குழியிலிருந்த வைத்தியலிங்கம், வயதில் அவர்களுக்கெல்லாம் மூத்தவர், மண்வெட்டியைக் கீழே போட்டார். "நான் எடுக்க மாட்டேன்டா" என்றார். "குடம் ஒடச்சவன் நான். கருமாதி பண்ணிப் பிண்டம் வச்சிருக்கேன். பெத்தவனோ பெறாதவனோ, அடிமையோ ஆண்டையோ, செஞ்ச அன்னைக்கே அவரு எனக்கு அப்பன் ஆயாச்சு. அப்பனத் தோண்டி வெளிய போட்டுட்டு ராத்திரி எப்புடிச் சோறு திம்பேன்?"

"அதுக்குப் பரிகாரம் இருக்கும், ஐயரக் கேளுங்க!"

ஐயரை அழைத்து வந்தார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, வெகுநேரம் விரல் மடக்கிப் பார்த்து, அப்பா ஆக்குவதற்கு மந்திரம் இருக்கிறது, அப்பா இல்லை என்று ஆக்குவதற்கு மந்திரம் கிடையாது என்று சொன்னார். அதற்குள் மேலவீதிப் பெண்கள் ஒவ்வொருவராக மேட்டில் ஏறிவந்திருந்தார்கள். ஆபத்சகாயத்தின் மனைவி மங்கையர்க்கரசி குழியின் விளிம்பில் வந்து நின்றார். அவர் உதட்டில் அந்தப் பாட்டு இருந்தது, நிறுத்தத் தெரியாமல் முனகிக்கொண்டே வந்திருக்கிறார்.

"நம்ம புள்ள காச்சல்ல கெடந்தப்ப எந்த நெழல்ல போட்டோம்?" என்று புருஷனைக் கேட்டார். "மேல வாங்க. கையப் பாருங்க, ரத்தம்."

ஆபத்சகாயம் தன் கையைப் பார்த்தார். அந்த நிறத்தைத் தன் கையில் அவர் முதல் முறையாகப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். தோண்டினால் தகப்பனைத் தூக்கி எறிந்தவர், தோண்டாவிட்டால் அடிமைக்கு மகன். வெயில் உச்சிக்கு வந்து சாயத் தொடங்கும்வரை அந்தக் குழிக்குள்ளேயே நின்றார். பிறகு ஏறி வந்து, மண்ணைத் தள்ளத் தொடங்கினார்.

"வீசவா இதை?" என்று சந்திரமௌலி பூட்ஸைக் காலால் நகர்த்தினான், அதற்குள் அதை மண்வெட்டியில் ஏந்தி வெளியே வைத்திருந்தார்கள். உள்ளே திருப்பி வைக்கவும் ஆள் இல்லை, செருப்பைக் கையால் தொடுவார்களா? வாய்க்கால் கரையில் கிடக்கட்டும் என்று குச்சியால் தள்ளிவிட்டுப் போனார்கள். வழியில் முள் வெட்டிப் போடுகிற பேச்சை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை, பிறகும் எடுக்கவில்லை. ஏனென்று கேட்டால் மேலவீதியில் பேச்சை மாற்றுவார்கள்.

எல்லோரும் போனபிறகு அப்பா கரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கவிழ்த்தார். தண்ணீரோடு வெளிச்சமும் வாய்க்காலில் விழுந்து, கொஞ்ச தூரம் மின்னிக்கொண்டே போனது. காலை உள்ளே விட்டார்.

"பத்துதாப்பா?"

"கட்டை வெரல்ல கொஞ்சம் கடிக்குது" என்றார். "பழகிப்போயிடும்."

அப்பா மறுபடி மண்வெட்டியைத் தொடவில்லை. அது மூன்று நாள் மேலவீதி நடுவில் கிடந்து, பேருந்துகூட ஒதுங்கிப் போனது. இப்போது ஊரில் சாவு விழுந்தால் பொக்லைன் வருகிறது. அவர் சித்தாள் வேலைக்குப் போகிறார். என் விண்ணப்பங்களில் அதை அப்படியே எழுதுகிறேன்.

பலகை மாட்டிய அன்றிலிருந்து மூடிக் கிடந்த மீனலோசனி அடுத்த வாரம் திறந்தது. புதுப்படம் வராததால் அதே படத்தைப் போட்டார்கள். பிள்ளையார் கோயில் வந்தபோது நான் அப்பாவின் கையைத்தான் பார்த்தேன். கை குனியப் போனது, பாதியில் ஞாபகம் வந்ததுபோல நின்றது, சட்டைப்பையில் பீடியைத் தேடியது. எண்பது அடியும் டக் டக் என்று சத்தம். ஜன்னல்கள் திறந்தன, மூடின. ஒரு வீட்டுக்குள்ளிருந்து அந்தப் பாட்டு வந்தது, அப்பாவின் காலடிக்குச் சரியாக, குனிந்து, நிமிர்ந்து.

இடைவேளையில் நான் எழுந்திருக்கவில்லை. கடைசிச் சண்டை முடிந்து புகை விலகும்போது, நானூறு பேரும் கரும்புக்கு நடுவில் நின்றார்கள், யோனா எங்கோ ஓரத்தில் சின்னதாக நின்றான், எல்லோர் காலிலும் பூட்ஸ் இருந்தது. யாரும் ஓடவில்லை. ஓட முடியும் என்று தெரிந்துகொண்டு நின்றார்கள். இறந்தவர்கள் இந்தத் தடவை திரைக்குள்ளேயே கிடந்தார்கள்.

விளக்குகள் எரிந்தன. அப்பா காலை நீட்டி, பூட்ஸை முன் இருக்கையின் முதுகில் தூக்கி வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"இப்ப சொல்லு. படம் எப்புடி?"

எனக்கு இன்னும் எட்டுக் காரணங்கள் இருந்தன, சவுக்கைக் காட்டிய விதத்தில் ஒரு இம்மிகூட விட்டுக்கொடுக்க மாட்டேன். அதை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போகலாம், எண்பது அடி தூரம் இருக்கிறது.

"எடவேளைக்கு அப்பறம் பரவால்லப்பா" என்றேன்.